எஸ்தர் லீச் அம்மையாரும் கல்கத்தா நாடக அரங்கும்

இயல், இசை, நாடகம் என முத்திறப்பட்டது தமிழ். இம்மூன்றனுள் ஏனைய இரண்டையும் தன்னகத்தே அடக்கி நிற்பது நாடகமே என்பர் பெரியோர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றோர், ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் கற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் சோழ மன்னன் முன்னே அரங்கேறிய மாதவியை மறவார். அவ்வரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்து கூறிய இளங்கோவடிகள், தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்குகளை நிறுத்திய திறத்தையும் எடுத்துரைக்கின்றார். ஆடிய மங்கைக்கு மன்னன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அளித்தான் என்றும் பதிந்து வைத்துள்ளார்.

அரங்கையும் விளக்கையும் ஆடுமகளையும் இத்துணை நுணுக்கமாகப் போற்றிய மரபில் வந்த நாம், பிழைப்பின் பொருட்டு வந்து வாழும் இவ்வங்க மாநகரின் நாடக வரலாற்றில் பெண்டிர் பெற்ற இடம் யாது என்பதை அறிந்துகொள்வது நலம். 2001 ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என வழங்கும் இந்நகரம், இக்கட்டுரை பேசும் காலத்தில் கல்கத்தா என்றே அழைக்கப்பட்டமையின் அப்பெயரையே பெரும்பாலும் ஆள்கின்றேன்.

பெண்ணில்லா அரங்கு

ஆங்கிலேயர் இந்நகரில் காலூன்றிய காலத்திலேயே நாடகத்தையும் உடன் கொணர்ந்தனர். லால் பஜார்ப் பகுதியில் அவர்கள் அமைத்த முதல் நாடகக் கொட்டகை 1753 அளவில் எழுந்தது. 1756 ஆம் ஆண்டில் நவாப் சிராஜ் உத்தௌலாவின் படை நகரை முற்றுகையிட்ட போரில் அதன் கதை முடிந்தது. பின்னர் 1775 ஆம் ஆண்டில், ரைட்டர்ஸ் கட்டடத்தின் பின்புறம், இன்று பங்குச் சந்தைக் கட்டடம் நிற்கும் லயன்ஸ் ரேஞ்சுப் பகுதியில் ‘கல்கத்தா தியேட்டர்’ தோன்றியது. வாரன் ஹேஸ்டிங்ஸ், தலைமை நீதிபதி இம்பே முதலானோர் அதற்குப் பொருளுதவி செய்தனர். இலண்டன் மாநகரின் பெருநடிகர் டேவிட் காரிக்கும் அதற்குத் துணை நின்றார்.

நாள்தோறும் அத்தெருவழியே அலுவலகம் செல்லும் நம்மவர் பலர், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஷேக்ஸ்பியரின் மாந்தர் நடமாடினர் என்பதை அறியார். ஆயின், அந்த அரங்கில் தொடக்கத்தில் பெண்கள் இல்லை. பெண் வேடங்களையும் ஆடவரே புனைந்தனர். மீசையை மழித்த கும்பினி அலுவலர்கள் நாயகியராகத் தோன்றினர்.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர் எம்மா பிரிஸ்டோ என்னும் சீமாட்டி. அவர் 1789 ஆம் ஆண்டில் சௌரங்கியிலிருந்த தம் இல்லத்திலேயே தனி அரங்கு அமைத்து, தாமே நடித்தார். ஆடவர் வேடமும் தாங்கினார். ஆயினும் அவர் அடுத்த ஆண்டே இங்கிலாந்து திரும்பிவிட்டமையின் அவ்வரங்கும் உடன் மறைந்தது. செல்வர் வீட்டுப் பொழுதுபோக்காக இருந்ததைத் தொழிலாகவும் வாழ்வாகவும் ஏற்ற பெண் தோன்ற மேலும் முப்பத்தேழு ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தன.

படைவீரர் குடியிற் பிறந்த பெண்

அப்பெண்மணியே எஸ்தர் லீச். 1809 ஆம் ஆண்டில் பிறந்த இவரது தந்தை ஓர் ஆங்கிலப் படைவீரர். ஆதலின் எஸ்தர் குழந்தைப் பருவம் தொட்டு அறிந்தது இந்திய மண்ணின் படை முகாம்களையே. ஊர் விட்டு ஊர் மாறும் படையினர் குடியிருப்பில், படைப்பிரிவுப் பள்ளியில் எழுத்தறிந்தார். செல்வமோ குலப்பெருமையோ இல்லை. பேரம்பூரில் பயின்ற இளமையிலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்கள் அவர் கைக்குக் கிட்டின. படைவீரர்கள் பொழுதுபோக்காக நடத்திய நாடகங்களில் அவர் நடிக்கத் தொடங்கினார். இங்கே பேரம்பூர் என்றது வங்காளத்து முர்ஷிதாபாத் மாவட்டத்து பஹரம்பூரை, சென்னைப் பெரம்பூரன்று. பின்னர் டம்டம் படை முகாமின் சிற்றரங்கிலும் நடித்துப் பெயர் பெற்றார். ஜான் லீச் என்னும் படைத்துறைப் பணியாளரை இளவயதிலேயே மணந்தார்.

அக்காலத்தில் கல்கத்தாவின் தலைசிறந்த அரங்கு, 1813 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திறக்கப்பெற்ற சௌரங்கி தியேட்டர். வடமொழிப் புலமையால் உலகறிந்த ஹொரேஸ் ஹேமன் வில்சன், இந்துக் கல்லூரிப் பேராசிரியர் ரிச்சர்ட்சன் முதலானோர் அதனோடு தொடர்புடையோர். கவி இரவீந்திரரின் பாட்டனார் துவாரகநாத தாகூரும் அதன் புரவலர். அந்த அரங்கின் பெயரால்தான் அருகிலிருந்த சாலை ‘தியேட்டர் ரோடு’ எனப்பட்டது. ஷேக்ஸ்பியரின் நானூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி அது ‘ஷேக்ஸ்பியர் சரணி’ எனப் பெயர் மாறியது.

1826 ஆம் ஆண்டில், பதினேழு வயது நிரம்பிய எஸ்தர் சௌரங்கி அரங்கில் முதன்முதலாகத் தோன்றினார். ஷெரிடன் இயற்றிய நகைச்சுவை நாடகத்தில் லேடி டீசில் என்னும் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. நாட்டுப்புறத்தில் வளர்ந்து முதிய செல்வரை மணந்து நகரின் பகட்டில் மயங்கி, முடிவில் தெளிவு பெறும் இளம் மனைவியின் வேடம் அது. படை முகாமில் வளர்ந்த பெண், உயர்குடிச் சீமாட்டியாக நடித்து வென்றார். இங்கிலாந்தின் பெரும்புகழ் நடிகை சாரா சிடன்ஸ் அம்மையாரின் பெயரால் ‘இந்தியாவின் சிடன்ஸ்’ என மக்கள் அவரைப் போற்றினர். பன்னிரண்டு ஆண்டுகள் சௌரங்கி அரங்கின் அச்சாணியாக அவர் விளங்கினார்.

புகழ் இருந்தும் பொருள் நிலை தள்ளாடியது. கடன் மிகுந்து 1835 ஆம் ஆண்டில் அரங்கு விலைக்கு வந்தபோது துவாரகநாதர் 30,100 ரூபாய்க்கு அதனை வாங்கி நிலைநிறுத்தினார். வெள்ளையர் பொழுதுபோக்கும் அரங்கை ஒரு வங்காளியின் பணம் காத்தது என்பது கருதத்தக்கது.

சாம்பலிலிருந்து எழுந்த அரங்கு

உடல்நலம் குன்றிய எஸ்தர் 1838 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டு அவர் மீண்டபோது சௌரங்கி தியேட்டர் இல்லை. 1839 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் அது தீக்கிரையாகிவிட்டது. எண்ணெய் விளக்கும் மரச்சட்டமும் வண்ணத்துணியும் நிறைந்த அக்கால அரங்குகளுக்குத் தீயே பெரும் பகை.

வேறொருவராயின் இதனையே காரணம் காட்டி ஓய்ந்திருப்பர். எஸ்தர் அவ்வாண்டே வாட்டர்லூ தெருவின் முனையில், ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தைச் சிற்றரங்காக மாற்றி நாடகத்தைத் தொடர்ந்தார். ‘இங்கிலீஷ்மேன்’ இதழின் ஆசிரியர் ஸ்டாக்கெலர் உடன் நின்று உதவினார். அதற்கு ‘ஸான் ஸூசி’ என்று பெயரிட்டனர். பிரெஞ்சு மொழியில் இதற்குக் ‘கவலையற்றது’ என்பது பொருள். கையிலிருந்த பொருளையெல்லாம் அரங்கிலே கொட்டிய பெண்ணின் கொட்டகைக்கு அப்பெயர்!

அத்துடன் அவர் அமையவில்லை. நிலையான அரங்கொன்றை எழுப்பப் பொருள் திரட்டினார். கவர்னர் ஜெனரல் ஆக்லண்டு பிரபுவும் துவாரகநாதரும் நன்கொடை அளித்தோருள் முன்னின்றனர். பார்க் தெருவில் புதிய ஸான் ஸூசி அரங்கு 1841 ஆம் ஆண்டு மார்ச்சு 8 ஆம் நாள் திறக்கப்பெற்றது. நடிகையாகத் தொடங்கியவர் அரங்கின் தலைவியும் ஆனார். நாடகம் தேர்தல், நடிகரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தல், ஊதியம் வழங்கல், கணக்குப் பார்த்தல், வேடந்தாங்கல் ஆகிய அனைத்தும் அவர் தலைமேல் ஏறின. பெண்டிர் தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்வதே அரிதாயிருந்த காலம் அது என்பதை நினைத்தால், அவர் ஆற்றிய செயலின் அருமை புலனாகும்.

விளக்கின் கொடுமை

1843 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள். அன்றிரவு முதலில் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நடந்தேறியது. அதன்பின் சிறு நகைச்சுவை நாடகம். தம் முறை வருவதை எதிர்நோக்கி எஸ்தர் அரங்கின் பக்கத்திரை ஓரத்தில் நின்றிருந்தார். அங்கே எரிந்துகொண்டிருந்த எண்ணெய் விளக்கின் சுடர் அவர் ஆடையைப் பற்றியது. தீச்சூழ்ந்த கோலத்தில் அவர் மேடைக்கு ஓடிவந்ததைக் கண்டு அவையினர் நடுநடுங்கினர். தீயை அணைத்தனர், ஆயினும் புண் ஆறவில்லை. பதினாறு நாள் வேதனைக்குப் பின் நவம்பர் 18 ஆம் நாள், முப்பத்து நான்காம் வயதில் எஸ்தர் லீச் உயிர் நீத்தார். அவர் கட்டிய அரங்கில் அவர் வாழ்ந்தது மூன்றாண்டுகூட இல்லை.

நிழல் விழாதவாறு விளக்கை வைத்தார் புகார் நகரத்து அரங்கமைத்தோர். விளக்கை எங்கே வைப்பது என்பது அழகைப் பற்றியது மட்டுமன்று, ஆடுவோரின் உயிரைப் பற்றியதும் ஆகும். ஆண்டு விழாக்களில் மேடை அமைக்கும் நம் இளைஞர் மின்கம்பிகளையும் திரைச்சீலைகளையும் கையாளும்போது இதனை நினைவிற் கொள்வாராக.

மகள் ஏற்ற வேடம்

தலைவியை இழந்த ஸான் ஸூசி தளர்ந்தது. இங்கிலாந்திலிருந்து நடிகரை வரவழைக்கும் செலவை ஏற்க, பெரும்பாலும் வெள்ளையரே வந்த அவையின் வருவாய் போதவில்லை. எனினும் அணையப்போகும் விளக்கு ஒருமுறை சுடர்விட்டாற்போல ஒரு நிகழ்ச்சி அங்கே நடந்தது.

1848 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் ‘ஒத்தெல்லோ’ நாடகம் அரங்கேறியது. தலைமை வேடம் பூண்டவர் வைஷ்ணவ சரண் ஆட்டியா என்னும் வங்காளி இளைஞர். ஆங்கிலேய அரங்கில், ஆங்கில நாடகத்தில், ஆங்கிலேய நடிகரோடு ஓர் இந்தியர் தலைமை வேடம் தாங்கியது அன்றைய நகரை வியப்பில் ஆழ்த்தியது. ஆகஸ்டு 10 ஆம் நாளே நடந்திருக்க வேண்டிய நாடகம் அது. அதில் துணை வேடம் ஏற்றிருந்த படைவீரர்களுக்குப் படை அதிகாரி இசைவு தர மறுத்தமையால் ஒரு வாரம் தடைப்பட்டது. அந்நாடகத்தில் நாயகி டெஸ்டிமோனாவாக இந்தியரின் எதிரே நின்று நடித்தவர் ஆண்டர்சன் அம்மையார். இவர் எஸ்தர் லீச்சின் மகள். தாய் கட்டிய அரங்கின் கதவை மகள் நாட்டு மக்களுக்குத் திறந்துவைத்தார் எனின் மிகையாகாது.

மறு ஆண்டு அரங்கு மூடப்பெற்றது. கட்டடம் கத்தோலிக்கப் பேராயர் கைக்கு மாறிக் கல்விக்கூடமாயிற்று. அவ்விடத்தில்தான் 1860 ஆம் ஆண்டில் புனித சவேரியார் கல்லூரி தோன்றியது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பயின்று பட்டம் பெற்ற கல்லூரி அது. எஸ்தர் ஆடிய மண்ணில்தான் அவர்கள் பாடம் கேட்டனர்.

வங்க அரங்கில் பெண்டிர்

ஆங்கில அரங்கு தேய்ந்த பின் வங்க அரங்கு வளர்ந்தது. வங்க நாடகத்தில் பெண்களை நடிக்கவைத்த முதல் முயற்சி 1795 ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்ததுண்டு. ஹெராசிம் லெபதேவ் என்னும் உருசிய இசைவாணர், கோலோக்நாத் தாஸ் என்னும் ஆசிரியரின் துணையால் அதனைச் செய்தார். ஆயின் அது தொடரவில்லை. 1872 ஆம் ஆண்டில் ‘நீல தர்ப்பணம்’ நாடகத்துடன் பொதுமக்களுக்குச் சீட்டு விற்கும் ‘நேஷனல் தியேட்டர்’ தொடங்கியபோதும் பெண் வேடம் ஆடவருக்கே உரியதாயிருந்தது.

1873 ஆம் ஆண்டில் பெங்கால் தியேட்டர் பெண்களை அரங்கேற்றத் துணிந்தது. இதனை வலியுறுத்தியவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர். 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்து, ஆசிரியராகவும் இதழாளராகவும் பணியாற்றிய இவரைத் தமிழர் ஓரளவு உறவினராகவே கொள்ளலாம். குலமகளிர் மேடையேற முன்வாராத காலமாதலின், சமுதாயம் ஒதுக்கிவைத்த மகளிர் குடியிலிருந்தே நடிகையர் வந்தனர். சீர்திருத்தச் செம்மல் வித்யாசாகரே இம்முடிவை ஏற்காது விலகினார் என்றால் எதிர்ப்பின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வாறு முதலில் வந்த நால்வருள் ஒருவர் கோலாப் என்னும் பாடகி. ‘சரத் சரோஜினி’ நாடகத்தில் சுகுமாரியாக நடித்துப் புகழ்பெற்று அப்பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். புதிய திருமணச் சட்டத்தின்படி ஒரு நடிகரை மணந்து சுகுமாரி தத்தா ஆனார். கணவர் அவரை விட்டு அயல்நாடு சென்றார். இந்தச் சுகுமாரி 1875 ஆம் ஆண்டில் ‘அபூர்வ சதி’ என்னும் நாடகத்தைத் தம் பெயரால் வெளியிட்டார். பிறர் எழுதிய சொற்களைப் பேசிவந்த நடிகை, தம் இனத்தாரின் துயரைத் தாமே நாடகமாக்கியது வங்க அரங்கில் புதுமை.

மற்றொருவர் வினோதினி தாசி. மாதவியைப் போலவே ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், 1874 ஆம் ஆண்டில் மேடையேறியவர். கிரீஷ் சந்திர கோஷின் மாணவியாகப் பன்னிரண்டாண்டுகளில் எண்பதிற்கும் குறையாத வேடங்களைத் தாங்கினார். 1884 செப்டம்பர் 21 ஆம் நாள் ‘சைதன்ய லீலை’ நாடகத்தில் அவர் நிமாயாக நடித்ததைக் கண்டு பகவான் இராமகிருஷ்ணர் மெய்ம்மறந்து வாழ்த்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அதற்கு முந்திய ஆண்டில் நடந்ததை அறிந்தோர் குறைவு. தம் குழுவினருக்குச் சொந்த அரங்கு வேண்டுமென்பதற்காக, குர்முக் ராய் என்னும் செல்வர் விதித்த நிபந்தனைக்கு இசைந்து, அவர் ஆதரவில் வாழ வினோதினி ஒப்பினார். அரங்குக்கு அவர் பெயரின் முதலெழுத்தை வைப்பதாகத் தோழர்கள் உறுதி கூறினர். பதிவாகியபோதோ பெயர் ‘ஸ்டார்’ என்றிருந்தது. விலைமகளிர் குடியிற் பிறந்தவளின் பெயர் இருந்தால் கூட்டம் வாராது என்று கருதினர். இருபத்து மூன்றாம் வயதளவில் அவர் மேடையைத் துறந்தார். 1912 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அமார் கதா’ என்னும் தன்வரலாற்றில் இவ்வேதனையைப் பதிந்தார். 1941 ஆம் ஆண்டில் மறைந்தார்.

பீடன் தெருவில் அவருக்காக எழுந்த கட்டடம், பிற்காலத்தில் சித்தரஞ்சன் அவென்யூ அமைந்தபோது மறைந்தது. 1888 ஆம் ஆண்டில் ஹாதிபாகானில் எழுந்த புதிய ஸ்டார் 1991 ஆம் ஆண்டில் தீப்பற்றி எரிந்து, 2004 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பெற்றது. அதற்கு ‘வினோதினி தியேட்டர்’ எனப் பெயர் சூட்டப்படும் என 2024 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மாநில முதல்வர் அறிவித்தார். வாக்கு நிறைவேற நூற்று நாற்பத்தோராண்டுகள் ஆயின.

தமிழகத்தோடு ஓர் ஒப்பீடு

தமிழகத்து நிலையும் இதனின் வேறன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891 ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் கற்றோர் நடித்தனர். பெண் வேடம் ஆடவரே பூண்டனர். கும்பகோணம் பாலாமணி அம்மையாரோ பெண்களே நடிக்கும் குழுவைத் தாமே நடத்தினார். அவர் நாடகம் காணச் செல்வோர்க்கென்றே புகைவண்டி விட்டனர் என்று முதியோர் கூறுவர். இறுதிக் காலத்தில் அவர் வறுமையுற்றார் என்றும் கூறுவர்.

திருவையாற்றுப் பெண்மணி டி. பி. இராஜலட்சுமி சிறுவயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்து வளர்ந்தவர். 1931 ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியானார். 1933 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ‘வள்ளி திருமணம்’ நம் கல்கத்தாவில் பயனியர் நிறுவனத்தாரால் எடுக்கப்பெற்றது. 1936 ஆம் ஆண்டில் தாம் எழுதிய கதையைத் தாமே இயக்கி ‘மிஸ் கமலா’ என்னும் படமாக வெளியிட்டுத் தமிழின் முதற் பெண் இயக்குநர் என்னும் சிறப்பெய்தினார்.

நமக்கு ஒரு பாடம்

இவ்வரலாற்றில் புலம்பெயர்ந்து வாழும் நமக்கென ஒரு செய்தி உண்டு. எஸ்தர் லீச்சும் வேற்று மண்ணில் தம் மொழியை மேடையில் வாழவைத்தவர். அந்த அரங்கு தன் இனத்தாரை மட்டுமே நம்பியிருந்தமையால் அவருக்குப்பின் ஆறாண்டுகளும் நிலைக்கவில்லை.

இதற்கு மாறான வழியையும் இந்நகரிலேயே ஒரு பெண்மணி காட்டினார். ஜோத்பூரிற் பிறந்து, பரதநாட்டியம் பயின்று, கல்லூரியில் இந்தி கற்பித்த உஷா கங்குலி, 1976 ஆம் ஆண்டில் இங்கே ‘ரங்ககர்மி’ குழுவைத் தொடங்கினார். வங்க மொழி ஆளும் நகரில் இந்தி நாடகம் நடத்தினார். மகாசுவேதா தேவியின் வங்கக் கதையை ‘ருடாலி’ என்னும் இந்தி நாடகமாக்கித் தாமே இயக்கித் தாமே நடித்தார். வங்காளிகள் திரளாக வந்து கண்டனர். நடிகை, நாடகாசிரியர், இயக்குநர் என்னும் மூன்றும் ஒருவரிடமே அமைந்த அவர் 2020 ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்தபோது நகரே இரங்கியது. அண்டை வீட்டாரின் கதையை எடுத்துத் தம் மொழியில் தந்தமையால் அண்டை வீட்டார் அவர் அவைக்கு வந்தனர்.

லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில் தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளைகள் பெருகி வருகின்றனர். நாடகத்தில் ஒரு வேடம் ஏற்கும் சிறுமி, ஏட்டில் கற்கத் தயங்கும் தமிழைப் பத்தே நாளில் நாவில் ஏற்றிக்கொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அச்சிறுமிக்குக் கோலமிடும் பணியும் குத்துவிளக்கேற்றும் பணியும் மட்டும் தந்து நிறுத்திவிடலாகாது. நாடகத்தை எழுதவும் இயக்கவும் கணக்குப் பார்க்கவும் அவளை அழைப்போம். மகாசுவேதா தேவியின் கதையொன்றைத் தமிழில் ஆடி வங்க அண்டை வீட்டாரையும் அவையில் அமர்த்துவோம். நிகழ்ச்சி நிரலில், நாடகம் எழுதியவர் என்னுமிடத்தில் அவள் பெயரை முழுமையாக அச்சிடுவோம்.